அவளுடைய சொந்த வார்த்தைகள்

நான் செய்ததாகச் சொல்லப்பட்ட குற்றத்துக்கு இங்கிலீஷில் ஒரு பெயர் இருக்கிறது என்பது வக்கீலம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். பேரன்டல் ஏலியனேஷன். பிரிந்து வாழும் தாயோ தகப்பனோ பிள்ளையின் மனதில் மற்றவரைப் பற்றி விஷம் ஏற்றி, பிள்ளையே வாயைத் திறந்து வரமாட்டேன் என்று சொல்லும்படி ஆக்கிவிடுவதாம். என் வீட்டுக்காரர் போட்ட மனுவில் அந்தச் சொல் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. வக்கீலம்மா படித்துக் காட்டக் காட்ட எனக்குச் சிரிப்புதான் வந்தது. கூட இருந்த காலத்தில் என் பேச்சை ஒரு நாளும் காதில் வாங்காத குடும்பம், என் வாய்க்கு இவ்வளவு சக்தி இருப்பதாக நம்புகிறதே என்று. சிரிக்க வேண்டாம், இதை நிரூபித்துவிட்டால் குழந்தையை அவரிடம் கொடுத்துவிடுவார்கள் என்றார் வக்கீலம்மா. அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை.

எனக்கு ஒரே மகள். அப்போது நாலாம் வகுப்பு முடித்திருந்தாள். அவள் அப்பாவுக்கு ரிக் வண்டித் தொழில். திருச்செங்கோட்டுப் பக்கம் போர்வெல் போடும் வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரையும் போல வருஷத்தில் முக்கால்வாசி நாள் வடநாட்டில் இருப்பார். அங்கே மழை பிடித்து வண்டி நின்றால் வீட்டுக்கு வருவார். அந்த மாதங்கள்தான் எனக்குப் பயம். வேலை இல்லாத ஆம்பளை, கையில் காசு, தெருவெல்லாம் அதே மாதிரி வண்டி நிறுத்திவிட்டு வந்த கூட்டாளிகள். முதலில் வாய் நீளும், அப்புறம் கை நீளும். கடைசி வருஷம் ஒரு மத்தியானம், குழம்பில் உப்பு அதிகம் என்று சொல்லி, அடுப்பிலிருந்து இறக்கி வைத்த சட்டியை அப்படியே என் மேல் வீசினார். கழுத்திலிருந்து தோள் வரை வெந்துபோனது. எதிரே தட்டோடு உட்கார்ந்திருந்த மகளின் முழங்கையிலும் தெறித்தது. அவள் கத்தவில்லை. தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போய்க் குழாயில் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். மறுநாள் ராசிபுரத்தில் என் அண்ணன் வீட்டுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் படித்த லேப் டெக்னீஷியன் படிப்பு கை கொடுத்தது. ஒரு கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை வேலையில் சேர்ந்தேன்.

எங்கள் பக்கத்தில் இதெல்லாம் நேரே கோர்ட்டுக்குப் போவதில்லை. முதலில் பேச்சுவார்த்தை நடக்கும். இரண்டு பக்கத்துச் சொந்தமும் பொதுவான ஒரு வீட்டில் கூடுவார்கள். பெரிய மனிதர்கள் நாற்காலியில், பெண்கள் உள்ளே கதவோரம். காபி வரும், முறுக்கு வரும், பையனுக்குப் பெண் பார்க்கிற பேச்சுகூட நடுவில் வந்து போகும். முதல் கூட்டத்தில் அவர், கை தவறிச் சட்டி விழுந்தது என்றார். நான் வீசினார் என்றேன். இரண்டு பேச்சும் ஒட்டவில்லை. அப்போது எங்கள் பெரியம்மா வீட்டுக்காரர் ஒரு வழி சொன்னார். "பெரியவங்க ஆளுக்கொண்ணு பேசுவோமுங்க. கொழந்தைக்குப் பொய் தெரியாது. பாப்பாவக் கேட்டுப் போடலாமுங்க." எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. எனக்கும் பட்டது. என் பக்கம் உண்மை இருக்கும்போது எனக்கென்ன பயம்.

அவளைக் கூடத்தின் நடுவில் நிறுத்தினார்கள். சொல்லு சாமி, பயப்படாத சாமி என்று நாலு பக்கமிருந்தும் குரல் வந்தது. முதல் தடவை அவளால் முடியவில்லை. திக்கித் திக்கி, சட்டியிலிருந்து குழாய்க்குப் போய், குழாயிலிருந்து மறுபடி சட்டிக்கு வந்து, கடைசியில் அழுதுவிட்டாள். முடிவு எட்டாமல் அந்தக் கூட்டம் கலைந்தது. அடுத்த கூட்டத்துக்கு வேறு பெரியவர்கள் வந்தார்கள். அவர்கள் காதால் கேட்க வேண்டுமே, மறுபடி நிறுத்தினார்கள். அப்புறம் அவர் பக்கத்துச் சொந்தமான ஒரு பஸ் முதலாளி வீட்டில். அப்புறம் மகளிர் காவல் நிலையத்தில். அப்புறம் கல்யாண வீட்டில் பார்த்த ஏதோ ஓர் அத்தை, எனக்கு இன்னும் சரியாத் தெரியலையே என்று மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்திலேயே கேட்டாள். சொல்லச் சொல்ல அவளுக்குப் பழகிவிட்டது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூட விழாவில் ஒப்பிப்பது போல, ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஒரு சொல் பிசகாமல் சொல்ல ஆரம்பித்தாள். பாப்பா என்ன தெளிவாப் பேசுது பாருங்க என்று கேட்டவர்கள் மெச்சினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பேச்சுவார்த்தை முறிந்து, விவாகரத்து மனு, பிள்ளையைக் கேட்டு மனு எல்லாம் குடும்ப நீதிமன்றத்துக்குப் போனது. ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை கோர்ட்டில் உள்ள குழந்தைகள் அறையில் அவர் மகளைப் பார்க்கலாம் என்று உத்தரவு வந்தது. சுவரில் முயல், யானை வரைந்திருந்த அறை. மகள் உள்ளே போவாள், சுவரைப் பார்த்து உட்காருவாள், நேரம் முடிந்ததும் வெளியே வருவாள். ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவர் பொம்மை வாங்கி வந்தார், சைக்கிள் வாங்கி வந்தார். எதையும் தொடவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அவர் அவளிடம் கெஞ்சுவது கேட்கும். பாவமாக இருக்காது. நல்லா வேணும் என்றுதான் இருக்கும். அதை நான் மறைக்கவில்லை, ஆனால் மகளிடம் சொல்லவும் இல்லை.

கோர்ட் கவுன்சலர் மகளைத் தனியே உட்கார வைத்துப் பேசி அறிக்கை கொடுத்தார். நடந்ததைக் குழந்தை பெரியவர்கள் பேசும் நடையில் சொல்கிறது, எத்தனை முறை கேட்டாலும் வரிசையோ வார்த்தையோ மாறவில்லை, சொல்லும்போது முகத்தில் உணர்ச்சி இல்லை, ஆகவே சொல்லிக் கொடுக்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு என்று எழுதியிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஊர்க்காரர்கள் வாயெல்லாம் மென்று துப்பிய பிறகு அந்தக் குழந்தையிடம் வேறு என்ன மிச்சம் இருக்கும்? அவள் முதல் தடவை உளறி அழுதாளே, அன்றைக்கு இந்தக் கவுன்சலர் அம்மா வந்து பார்த்திருக்க வேண்டும். அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் எல்லாம் முறுக்குத் தின்றுகொண்டிருந்த சொந்தக்காரர்கள். கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொல்லக் கூப்பிட்டால் ஒருத்தருக்கும் அன்றைக்கு ஒழியவில்லை.

அப்புறம் ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். என் வீட்டுக்காரர் பக்கத்து வக்கீல் சேலத்திலிருந்து ஒரு மனநல நிபுணரைக் கூட்டி வந்தார். வெளிநாட்டுக் கட்டுரைகளைக் கட்டுக் கட்டாக வைத்துக்கொண்டு, காரணமில்லாமல் தகப்பனை ஒதுக்கும் பிள்ளைக்கு இன்னின்ன அறிகுறி இருக்கும், அத்தனையும் இந்தக் குழந்தையிடம் இருக்கிறது, சீக்கிரம் தாயிடமிருந்து பிரிக்காவிட்டால் பிள்ளை மனம் நிரந்தரமாகக் கெட்டுவிடும் என்றார். எங்கள் வக்கீலம்மா கோயமுத்தூரிலிருந்து ஒரு பேராசிரியை அம்மாவை வரவழைத்தார். அவரும் கட்டுகளோடுதான் வந்தார். அந்த அறிகுறிகள் எல்லாம் முறையாகச் சோதித்துப் பார்க்காதவை, அடிவாங்கின பெண்கள் புகார் சொல்லும் இடத்திலெல்லாம் அதை அமுக்க இந்தச் சொல் வந்து நிற்கிறது, குழந்தைக்குப் பயம் என்று ஒன்று இருக்கலாம் என்பதை முதலில் பாருங்கள் என்றார். ஒருவர் காட்டிய கட்டுரையை இன்னொருவர் கட்டுரையே இல்லை என்றார். இரண்டு பேரும் மாறி மாறிச் சொன்னதில் எனக்குப் பாதி புரியவில்லை. புரிந்த ஒன்று, இரண்டு பேருமே என் மகளை நேரில் பார்த்ததில்லை.

இதில் யார் சொல்வது சரி என்று கவுன்சலரிடமே ஒரு நாள் வராந்தாவில் கேட்டுவிட்டேன். என்னைப் பற்றித் தப்பாக எழுதினாரே என்று அவர் மேல் எனக்குக் கோபம் இருந்தது. ஆனால் அந்த அம்மா ஒளிக்காமல் பேசினார். குடும்ப நீதிமன்றங்களுக்கு மேலிடத்திலிருந்து வழிகாட்டுக் குறிப்பு கொடுத்து, அதை விளக்க ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்களாம். காலையில் பேசியவர், இப்படி விஷம் ஏற்றுவது குழந்தையைச் சித்திரவதை செய்வதற்குச் சமம், கண்டதும் பிரித்துவிடுங்கள் என்றாராம். மத்தியானம் பேசியவர், காலையில் சொன்னதை நம்பிப் பிள்ளைகளை அடிக்கிற கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள் என்றாராம். டீ இடைவேளையில் இரண்டு பேருக்கும் கைகலப்பு ஆகாத குறை. "எங்களுக்கு யாரு சொல்றத எடுத்துக்கறதுன்னே தெரியலீங்க. கையில குடுத்த குறிப்புல ரெண்டு பேர் சொன்னதும் இருந்துச்சு. நானும் புள்ள பெத்தவதானுங்க, தெரிஞ்சத எழுதினேன்" என்றார். அவர் மேலிருந்த கோபம் போய்விட்டது. கோபம் போனதும் பயம் வந்துவிட்டது.

அந்தக் குறிப்பை வக்கீலம்மா எனக்கும் காட்டினார். இந்த விஷயத்துக்கு அதில் ஒரு சின்னப் பத்திதான் இருந்தது. பிள்ளை மறுப்பதற்கு நியாயமான காரணம் உண்டா பார்க்க வேண்டும் என்று பாதி. தூண்டிவிட்ட அறிகுறி உண்டா பார்க்க வேண்டும் என்று பாதி. எந்தப் பாதியை முதலில் பார்ப்பது, இரண்டும் முட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று இல்லை. எங்கள் லேபில் எந்த ரத்தத்தை வைத்தாலும் நோய் இருக்கிறது என்றே காட்டும் பரிசோதனை கிட் வந்தால் பெட்டியோடு திருப்பி அனுப்புவோம் என்று வக்கீலம்மாவிடம் சொன்னேன். அதைக் கோர்ட்டில் சொல்லிவிடாதீர்கள், திமிர் பிடித்தவள் என்று நினைப்பார்கள் என்றார்.

உண்மையில் அந்த நாட்களில் நான் எதைச் செய்தாலும் அது அறிகுறியாகத்தான் ஆனது. அப்பாவைப் பற்றி வீட்டில் யாரும் பேசக்கூடாது என்று அண்ணனிடமும் அண்ணன் மனைவியிடமும் கறாராகச் சொல்லியிருந்தேன். தப்பாகப் பேசினால்தானே விஷம், பேசாமலே இருந்துவிடலாம் என்று. தாய் வீட்டில் தகப்பன் என்ற ஆளே இல்லாதது போல வைத்திருக்கிறார்கள் என்று அடுத்த அறிக்கையில் வந்தது. சரி, நல்லதைப் பேசுவோம் என்று ஆரம்பித்தேன். ஒரு நாள் தலை பின்னிக்கொண்டே, காதுகுத்துக்கு உங்க அப்பா நாக்பூரிலிருந்து விடிய விடிய வண்டி ஓட்டிக்கொண்டு வந்தார் தெரியுமா என்றேன். அது உண்மைதான். மகள் திரும்பிப் பார்த்தாள். "இதக் கோர்ட்டுல சொல்லச் சொன்னாங்களாம்மா?" என்றாள். நான் பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னினேன்.

ஜட்ஜம்மா கெட்டவர் இல்லை. இதை நான் எங்கேயும் சொல்வேன். இரண்டு பக்கக் கட்டுகளையும் படித்துக் களைத்துப்போன முகம் அவருக்கு. கடைசியில் அவருக்கு முன்னால் ஒரு வழியை வைத்தது என் வீட்டுக்காரர் பக்கத்து வக்கீல்தான். குழந்தையை நம் மாவட்டத்திலேயே நல்ல ஹாஸ்டல் ஸ்கூலில் சேர்த்துவிடுவோம், தாய் வீடும் வேண்டாம், தகப்பன் வீடும் வேண்டாம், யாரும் எதையும் சொல்லிக் கொடுக்க முடியாத இடம் என்றார். எங்கள் வக்கீலம்மா என் முகத்தைப் பார்த்தார். வேறு ஊராக இருந்தால் பத்து வயசுப் பிள்ளையைத் தாயிடமிருந்து எடுப்பதா என்று யாராவது எழுந்து நின்றிருப்பார்கள். எங்கள் ஊரில் ஹாஸ்டல் என்றால் யாருக்கும் அது பிரிவாகவே தோன்றாது. தமிழ்நாட்டின் எந்தெந்த மூலையிலிருந்தோ மார்க்குக்காகப் பிள்ளைகளைக் கொண்டுவந்து இங்கே விட்டுவிட்டுப் போகிறார்கள். என் அண்ணன் மகன்கள் இரண்டு பேரும் அப்படிப் படித்தவர்கள்தான். நல்ல யோசனை என்றே எல்லோரும் சொன்னார்கள். அவர் வீடு இல்லையே, அது போதும் என்று எனக்கும் இருந்தது. தலையாட்டினேன், ஜட்ஜம்மா அப்படியே உத்தரவு போட்டார். டிரங்குப் பெட்டியில் மகளின் பெயரைப் பெயிண்டால் எழுதி, உள்ளே வரிசையாகத் துணியை அடுக்கி, நானே கொண்டுபோய் விட்டேன். போகும் வழியில் அவள் கேட்டது ஒன்றுதான். "நான் என்னம்மா தப்பு பண்ணினேன்?" ஒண்ணுமில்ல சாமி, நல்லாப் படிக்கறதுக்கு என்றேன்.

மாதத்தின் முதல் ஞாயிறு அவருக்கு, மூன்றாம் ஞாயிறு எனக்கு. பார்க்கிற நாளில் அந்தப் பள்ளி மைதானம் தேர்த் திருவிழாக் கடைவீதி மாதிரி இருக்கும். மரத்துக்கு மரம் பாய் விரித்து, லாரிக்காரர்கள், கோழிப்பண்ணைக்காரர்கள், தறிக்காரர்கள், வாத்தியார்கள் என்று குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருப்பார்கள். நானும் அதிகாலையில் எழுந்து கோழி வறுத்து, சாதம் பிசைந்து கேரியரில் எடுத்துப் போவேன். முதல் வருஷம் என் மடியில் படுத்துக்கொள்வாள், கூட்டிட்டுப் போயிரும்மா என்பாள். கோர்ட் உத்தரவு சாமி என்பேன். அடுத்த வருஷம் அதைக் கேட்பதை நிறுத்திவிட்டாள். அதற்கடுத்த வருஷம் மடியையும் நிறுத்திவிட்டாள். சாப்பிடுவாள், கை கழுவுவாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். அவர் வந்தாரா, என்ன பேசினார் என்று நான் கேட்கக்கூடாது. கேட்டதில்லை. ஆனால் என் முகம் கேட்டிருக்க வேண்டும். ஒரு நாள் எலும்பைக் கடித்துக்கொண்டே அவளாகவே சொன்னாள். "அவங்க வந்தாங்க. பிரியாணி கொண்டாந்தாங்க. நான் சாப்பிட்டேன். போதுமுங்களா?"

அப்பாவிடமும் இப்போது பேசுகிறாள், நல்ல முன்னேற்றம் என்று கவுன்சலர் எழுதினார். என் வீட்டுக்காரர் பக்கத்து நிபுணருக்கு அது தன் கட்சி ஜெயித்ததாகப் பட்டது. தாயிடமிருந்து விலக்கியதும் பிள்ளை தெளிந்துவிட்டதே என்றாராம். கோயமுத்தூர் அம்மா அதைப் படித்துவிட்டு, தெளியவில்லை, மரத்துப்போய்விட்டது என்று எழுதிக் கொடுத்தார். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அவள் அப்பாவிடம் எவ்வளவு பேசினாளோ அவ்வளவுதான் என்னிடமும் பேசினாள். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஒன்பதாம் வகுப்பு முடிகிற சமயம். கோடை விடுமுறையில் பாதி எனக்கு, பாதி அவருக்கு என்று உத்தரவு. அவள் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று அண்ணன் வீட்டு மாடி அறையை அவளுக்காக வெள்ளையடித்து வைத்திருந்தேன். பள்ளியிலிருந்து வார்டன் போன் செய்தார், இரண்டு பேரும் சேர்ந்து வர வேண்டும் என்று. பிரிந்த பிறகு முதல் முறையாக நாங்கள் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தோம். அவருக்கு முன்மயிர் கொட்டியிருந்தது. மகள் யூனிபார்மில் வந்து நின்றாள். என் உயரம் வந்துவிட்டாள். கையைப் பின்னால் கட்டியிருந்தாள்.

"பத்தாவது பாடம் லீவுலயே ஆரம்பிக்கறாங்க. நான் இங்கயே இருந்துக்கறேன். ரெண்டு ஊட்டுக்கும் வரலீங்க. இனிமேல் ஞாயித்துக்கெழமையும் நீங்க ரெண்டு பேரும் வர வேண்டாம். வந்தா நான் கீழ எறங்கி வரமாட்டேன். கோர்ட்டுலயும் இதேதான் சொல்லுவேன்."

குரல் நடுங்கவில்லை. முகத்தில் ஒன்றுமில்லை. வார்டன் பதறிப்போய், நாங்க ஒண்ணும் சொல்லலீங்க, பாப்பாவா எடுத்த முடிவுங்க என்றார். மகள் அவரிடம் போகலாமா மேம் என்று கேட்டு, அவர் தலையசைத்ததும் போய்விட்டாள். எங்கள் பக்கம் திரும்பவில்லை.

படியிறங்கி வண்டிகள் நிற்கும் இடத்துக்கு வந்தோம். அவரோடு பல வருஷம் பேசாதவள், அவர் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன்.

"கடைசியா நீங்கதான வந்து பாத்தீங்க. எம் புள்ளைக்கு என்னங்க சொல்லிக் குடுத்தீங்க?"

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். அவர் கேட்க வைத்திருந்த கேள்வியும் அதுதான் என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது.

"இத்தன வருசமா நானும் உன்னைய இதையேதான் கேட்டுட்டு இருக்கறேன், புள்ள" என்றார்.

பிள்ளைக்குத் தானாகவே காரணம் இருக்கலாம் என்று சொல்லத்தான் நான் கோயமுத்தூரிலிருந்து ஆள் வரவழைத்தேன். வாய்தாவுக்கு வாய்தா அதைத்தான் சொல்ல வைத்தேன். என்னை வேண்டாம் என்று அவள் சொன்ன அந்த நிமிஷத்தில் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வேறு யாரோ அவள் வாயில் அதை வைத்திருக்க வேண்டும் என்றுதான் தோன்றியது. இரண்டு பேரும் வெயிலில் நின்று ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டிருந்தோம், நல்ல சத்தமாகவே. மேலே ஹாஸ்டல் ஜன்னல்கள் திறந்திருந்தன.

அவள் இப்போது பிளஸ் ஒன். சொன்னபடியே கீழே இறங்கி வருவதில்லை. நான் மூன்றாம் ஞாயிறு தவறாமல் போய் மைதானத்தில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். முதல் ஞாயிறு அவரும் அப்படித்தான் வந்து போகிறாராம், வார்டன் சொன்னார். அன்றைக்கு அவள் வார்டன் அறையில் எங்கள் முன்னால் நின்றாளே, அப்போது ஏன் சாமி என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவே இல்லை.